பழைய ட்ராவலர் கேரவன்: டீசல் செலவைக் குறைக்க எதில் பணம் போடலாம்?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டெம்போ ட்ராவலரில் படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக்கி ஓட்டுகிறவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கட்டம் வரும். டீசல் முன்னைவிட வேகமாக இறங்குகிறது என்று தோன்றும். பட்டறையில் டீசல் பம்ப், நாசில் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) வேலை பார்க்கச் சொல்வார்கள். டயர்க் கடைக்காரர் மொத்த டயரையும் ரேடியலாக மாற்றச் சொல்வார். வீட்டுக்கு வந்த மச்சான், "இதைத் தள்ளிவிட்டுப் புது வண்டி எடுங்க மாப்பிள்ளை, மைலேஜிலேயே காசு வந்துரும்" என்பார். எங்கள் வண்டிக்கும் இந்த மூன்று யோசனைகளும் வந்தன. மூன்றில் எது எப்போது சரி என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் பதில் எதைப் பொறுத்தது என்று சொல்லிவிடலாம்: வண்டி வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செட்டிநாட்டுப் பக்கம் இந்த மாதிரி வண்டிக்குத் தனி உபயோகம் உண்டு. வீடு பெரிது, பங்கும் அதிகம். படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் குடும்பச் சடங்கு) கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்கினால் அறைகளில் பாதி பூட்டிக் கிடக்கும், குளியலறை எண்ணி இரண்டுதான் இருக்கும். வாசலில் ஒரு கேரவன் நின்றால் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கும். அதனால் இந்த வண்டிகள் நிற்பது அதிகம், ஓடுவது குறைவு. டீசல் கணக்கையே மாற்றிவிடுகிற விஷயம் அது.

கணக்கை லிட்டரில் போடுங்கள்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதுதான் நம் வழக்கம். பேச்சுக்கு அது போதும், முடிவெடுக்கப் போதாது. 8 கொடுத்த வண்டி 10 கொடுத்தாலும் இரண்டு கிலோமீட்டர் லாபம், 10 கொடுத்தது 12 கொடுத்தாலும் இரண்டு கிலோமீட்டர் லாபம் என்று ஒன்றாகத் தோன்றும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டிக்கு 12.5 லிட்டர் 10 லிட்டராகக் குறைகிறது, இரண்டரை லிட்டர் மிச்சம். இரண்டாவதற்கு 10 லிட்டர் 8.3 ஆகிறது, ஒன்றே முக்கால்கூட மிச்சமில்லை. மோசமான நிலையில் இருக்கிற வண்டியைச் சுமாரான நிலைக்குக் கொண்டுவருவதில்தான் காசு இருக்கிறது. சுமாராக ஓடுகிற வண்டியைப் பிரமாதமாக்கப் பார்த்தால் செலவு கூடும், மிச்சம் குறையும்.

இப்போது வருடக் கணக்கு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 8 கொடுத்தால் 625 லிட்டர், 57,500 ரூபாய். 10 கொடுத்தால் 500 லிட்டர், 46,000 ரூபாய். மிச்சம் 11,500. பம்ப் வேலைக்கு 25,000 ஆகும் என்று பட்டறையில் சொன்னால், வேலை முழுப் பலன் கொடுத்தாலும் போட்ட காசு திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இதே வண்டியை வாடகைக்கு விட்டு வருடத்துக்கு 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும். வேலையும் ஒன்று, விலையும் ஒன்று. ஒருவருக்கு அவசரம், இன்னொருவருக்கு நிதானமாகப் பார்க்கலாம்.

எதை வைத்து அளப்பது

இதற்கு நாலு வழி இருக்கிறது: நோட்டுப் புத்தகம், மொபைல் ஆப், வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கும் ஓபிடி கருவி, டேங்குக்குள் போடும் சென்சார்.

ஓபிடியை முதலில் கழித்துவிடலாம். பழைய ட்ராவலரில் இருப்பது மெர்சிடிஸின் ஓஎம் 616 வழி வந்த டீசல் எஞ்சின், பம்ப் மெக்கானிக்கல். எவ்வளவு டீசல் உள்ளே போகிறது என்று சொல்ல அதில் கம்ப்யூட்டரே கிடையாது. சந்தையில் கிடைக்கும் ப்ளூடூத் கருவியை வாங்கி வந்தால் மாட்ட இடம் இருக்காது. கம்ப்யூட்டரே டீசலை அளந்து விடும் காமன் ரெயில் எஞ்சின் வந்த பிந்தைய வண்டிகளுக்கு அது பயன்படும். அங்கேயும் அது காட்டுவது ஒரு மதிப்பீடுதான், பெட்ரோல் பங்கில் போட்ட லிட்டரோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

டேங்க் சென்சாரும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து வருகிற ஏற்பாடு லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கானது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் டேங்கில் அளவு சட்டென்று குறைந்தது என்று காட்டும். ஆக்டிங் டிரைவரை நம்பி வண்டியை வெளியே அனுப்புகிறவர்களுக்கு அது வேண்டியதுதான். சொந்தமாக ஓட்டுகிற குடும்ப வண்டிக்கு வீண்செலவு. மேட்டில் நின்றால் ஓர் அளவு, பள்ளத்தில் நின்றால் ஓர் அளவு என்று டீசல் உள்ளே ஆடுவதையெல்லாம் அது வரைந்து காட்டும், பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

மிச்சம் நோட்டும் ஆப்பும். இரண்டும் செய்வது ஒரே வேலை: டேங்கை நிரப்பு, ரீடிங்கைக் குறி, ஓட்டு, மறுபடி நிரப்பு, வகுத்துப் பார். ஆப் வகுத்துக் கொடுத்து வரைபடமும் போட்டுத் தரும். ஆனால் எனக்கு நோட்டுதான் பிடிக்கும். வண்டியை ஓட்டுவது நான் ஒருவன் மட்டும் கிடையாது. தம்பி எடுப்பான், சித்தப்பா எடுப்பார், சில நாள் டிரைவர் எடுப்பார். என் போனில் இருக்கிற ஆப்பில் அவர்கள் எழுத முடியாது. டேஷ்போர்டில் பேனாவோடு கட்டி வைத்த நோட்டில் யாரும் எழுதலாம்.

எழுதுவதைவிட நிரப்பும் முறைதான் முக்கியம். பங்கில் ஆட்டோ கட் ஒரு தடவை ஒரு லிட்டர் முன்னதாகவும், அடுத்த தடவை ஒரு லிட்டர் தாமதமாகவும் நின்றால் இரண்டு லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். டீசல் நுரைக்கும், வேகமாக அடித்தால் இன்னும் முன்னதாகவே கட் ஆகும். இருபது லிட்டர் போட்டு மைலேஜ் பார்த்தால் இந்த இரண்டு லிட்டர் பத்து சதவீதப் பிழை, ஐம்பது லிட்டருக்கு நாலு சதவீதம். அதனால் ஒரே ஒரு டேங்க் கணக்கை வைத்து "மைலேஜ் விழுந்துவிட்டது" என்று பட்டறைக்கு ஓட வேண்டாம். தொடர்ந்து நாலைந்து தடவை நிரப்பியதையும் மொத்த லிட்டராகக் கூட்டி, மொத்த கிலோமீட்டரை வகுங்கள். நடுவில் நிரப்பியதில் வந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், முதலும் கடைசியும் மட்டும் நிற்கும். முடிந்தவரை ஒரே பங்க், ஒரே மெஷின், வண்டி அதே திசையில் நிற்பது நல்லது. காரைக்குடியில் இருந்து நிரப்பிக் கிளம்பி, வழியில் எங்கே நிரப்பினாலும் எழுதிக்கொண்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நிரப்பினால் கணக்கு சுத்தமாக வரும்.

பங்கிலேயே அளவு குறைகிறதோ என்ற சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு ஒவ்வொரு பங்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை ஏறலாம், குறையலாம். அதாவது அரை சதவீதம். காலையில் குளிர்ந்த நேரத்தில் போட்டால் டீசல் கூடக் கிடைக்கும் என்று சொல்வதை நம்பி ஆறு மணிக்கு எழுந்து போக வேண்டியதில்லை. பத்து டிகிரி வித்தியாசத்துக்கே டீசலின் கன அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மாறும், பங்கின் தொட்டியோ மண்ணுக்கடியில் இருக்கிறது. சித்திரை வெயில் அங்கே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ரீடிங்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் கூடச் சுற்றும், மீட்டர் கூடுதல் கிலோமீட்டர் காட்டும். புது டயருக்கும் நன்றாகத் தேய்ந்த டயருக்கும் இதில் சுமார் இரண்டு சதவீதம் வரை வித்தியாசம் வரும். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். டீசல் அதேதான், மீட்டர்தான் இப்போது கொஞ்சம் உண்மை பேசுகிறது. திருச்சி ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் போய் போனில் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால் உங்கள் மீட்டர் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஓட்டம் என்று எழுதாத கணக்கு பயன்படாது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து போகும்போது கூடவே வண்டிகளும் போகும். சாமான், சமையல் பாத்திரம், நடக்க முடியாமல் போனவர்கள் எல்லாம் அதில்தான். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் நகர்கிற வண்டிக்கு ஓட்டத்துக்கு மட்டும் நாலு லிட்டர் போதும். ஆனால் உள்ளே வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று ஏசியோடு எஞ்சினை ஓட விட்டுக் காத்து நின்றால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தனியாகப் போகும். நாலைந்து மணி நேரம் அப்படி நின்றால் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று கணக்கு வரும். எஞ்சினில் கோளாறே இல்லை. அந்த வாரத்தின் கணக்கை மற்ற ஓட்டத்தோடு சேர்த்தால் வருடம் பூராவும் வண்டி கெட்டுப்போன மாதிரித் தெரியும்.

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றும் நாளும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. பிள்ளையார்பட்டியிலிருந்து வைரவன்பட்டி கூப்பிடு தூரம்தான். மாத்தூர், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, நேமம், இரணியூர், இளையாத்தங்குடி என்று ஒவ்வொரு கோயிலிலும் நிறுத்தி, தரிசனம் முடித்து, எல்லாரும் ஏறியதும் கிளப்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்துகிறோம். காலையில் முதல் இரண்டு மூன்று கோயில்வரை எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. சூடேறாத டீசல் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும்.

அதனால் நோட்டில் தேதி, ரீடிங், லிட்டர், பணம் இவற்றோடு ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: கோயில் சுற்றா, நெடுஞ்சாலையா, பாதயாத்திரையா, மலையா. கொடைக்கானல் ஏறி இறங்கியதைத் தொண்டி ரோட்டுச் சமதளத்தோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. நெடுஞ்சாலை ஓட்டத்தை நெடுஞ்சாலை ஓட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். வண்டியின் உடம்பு நிலையைச் சொல்வது அந்த வரிகள்தான்.

காசில்லாமல் ஆகிற வேலைகள்

வேகத்திலிருந்து தொடங்கலாம். ட்ராவலர் உயரமான வண்டி. மேலே கேரியர் வேறு. காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60-ல் போவதைவிட 80-ல் போகும்போது அந்த எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் அதிகம். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர். சராசரியாக 75-ல் போனால் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், 60-ல் போனால் ஒன்றரை மணி. மிச்சம் பிடிக்கிற அந்த பதினெட்டு நிமிடத்தையும் மேலூர் தாண்டியதும் நெரிசலில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பழைய எஞ்சினுக்கு 60-லிருந்து 65-க்குள் ஓட்டுவதைப்போல் சுலபமான வைத்தியம் வேறு இல்லை. டிரைவர்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் எடை. தண்ணீர்த் தொட்டியில் நூறு லிட்டர் இருந்தால் நூறு கிலோ. இங்கே எந்த ஊரிலும் கோயிலிலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். முழுத் தொட்டியோடு கிளம்ப வேண்டிய அவசியம் அபூர்வம். போன படைப்புக்கு ஏற்றிய பெரிய அண்டாவும் வெண்கலப் பானையும் இறக்கப்படாமல் பின் சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிற வண்டிகளை நிறையப் பார்க்கலாம். எடையின் கெடுதல் கோயில் சுற்றில் அதிகம் தெரியும். நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கிறதே. நெடுஞ்சாலையில் எடையைவிடக் காற்றுதான் எதிரி. அங்கே காலிக் கேரியரைக் கழற்றி வீட்டில் வைப்பதுதான் பலன்.

ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போகச் சொல்லும் அறிவுரையை நான் சொல்லப் போவதில்லை. மே மாதம் சிவகங்கைச் சீமையில் பகல் இரண்டு மணிக்கு அதைக் கேட்கிறவர் யாரும் இல்லை. கூரைக்கு வெள்ளை வர்ணம், ஜன்னலுக்குத் தடித்த திரை, நிறுத்தும்போது மர நிழல் என்று இருந்தால் ஏசியின் வேலை குறையும்.

சின்னச் செலவில் பெரிய திருட்டைப் பிடிப்பது

பம்ப் வேலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: பிரேக், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு), காற்று. பட்டறையில் இவற்றை யாரும் முதலில் சொல்வதில்லை. சொல்லிக் காசு வாங்கும் அளவுக்குப் பெரிய வேலை கிடையாது.

வாரக்கணக்கில் வாசலில் நிற்கும் வண்டியில் பிரேக் பிடித்துக்கொள்வது சகஜம். வீல் சிலிண்டர் துருவேறி ஒட்டிக்கொள்ளும், ஹேண்ட் பிரேக் கேபிள் முழுசாகத் திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நின்ற வண்டிக்கு இது நிச்சயம் பார்க்க வேண்டிய விஷயம். சோதனை எளிது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் போய்விட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். எஞ்சினில் ஆயிரம் வேலை பார்த்தாலும் பிரேக்கை மிதித்தபடியே ஓடுகிற வண்டி மைலேஜ் கொடுக்காது.

தெர்மோஸ்டாட் கதை நம் ஊருக்கே உரியது. "இந்த வெயிலுக்கு எதுக்கு அண்ணே அது, கழட்டிட்டேன், வண்டி சூடே ஆகாது பாருங்க" என்று மெக்கானிக் பெருமையாகச் சொல்வார். சொன்னபடியே சூடாகாது. அதுதான் பிரச்சினை. டீசல் எஞ்சின் 80, 90 டிகிரிச் சூட்டில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. அந்த வால்வு இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுற்றி எஞ்சினைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், டீசல் முழுதாக எரியாது. சின்னச் சின்னத் தூரம் ஓடுகிற நம் வண்டிக்கு இது இரட்டை நஷ்டம். சூட்டு முள் எப்போதும் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையிலேயே எஞ்சின் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றைப் பார்க்க வேண்டும். வால்வைக் கழற்றுவது அதற்கு வைத்தியமாகாது.

காற்று என்றால் இரண்டு காற்று. டயரில் போகிறது ஒன்று, எஞ்சினுக்குள் போகிறது இன்னொன்று. நிற்கும் வண்டியில் டயர்க் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கிளம்பும் அன்று காலையில், ஓட்டிச் சூடாவதற்கு முன், கம்பெனி சொன்ன அளவுக்கு அடிக்க வேண்டும். எஞ்சினுக்கு ஏர் ஃபில்டர். கோயில் ஊர்களுக்குள் நுழைந்தால் பாதி வழி செம்மண் புழுதிதான். மெக்கானிக்கல் பம்ப், உள்ளே வரும் காற்று குறைந்தது தெரியாமல் அதே டீசலை அனுப்பும், கரும்புகை வரும், இழுவை குறையும், டிரைவர் இன்னும் மிதிப்பார். இது ஃபில்டர் விலையோடு போகிற கோளாறு.

ரேடியல் டயர் உருளும்போது வரும் எதிர்ப்பைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் இருக்கிற டயரில் உயிர் இருக்கும்போது மைலேஜுக்காக மட்டும் மாற்றுவது லாபமில்லை. எங்கள் மாதிரி வண்டியில் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் வெடித்துப் பிளந்து வயதாகிவிடும். எப்படியும் மாற்றும் நாள் வரும். அன்றைக்கு ரேடியல் போட்டு, அலைன்மென்ட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் அற்புதத் திரவம் போன்றவற்றுக்குப் போகிற காசை உண்டியலில் போடலாம்.

பம்ப், நாசில் வேலை எப்போது

மேலே சொன்னது எல்லாம் பார்த்த பிறகும் நெடுஞ்சாலை வரிகள் தொடர்ந்து கீழே போகின்றன, ஏர் ஃபில்டர் புதிது, இருந்தும் மேட்டில் கரும்புகை, காலையில் கிளப்பும்போது வெகுநேரம் வெள்ளைப் புகை, ஐட்லிங்கில் தட்டல் சத்தம் என்றால் நாசில் சொட்டுகிறது அல்லது டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பின்னே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது இந்த வேலை செலவில்லை, தேவை. நாசிலை டெஸ்டரில் வைத்துப் பீய்ச்சிக் காட்டச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். பனி மாதிரி விரிந்து வர வேண்டும். தாரையாக வந்தாலோ நுனியில் சொட்டினாலோ மாற்ற வேண்டியதுதான். முதலில் நாசிலும் டைமிங்கும் மட்டும், தேவைப்பட்டால் பிறகு பம்ப் என்று பிரித்துக் கேட்டால் பல சமயம் பாதிச் செலவில் முடியும். பம்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு சரிபார்க்கும் வசதி உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும். ரோட்டோரத்தில் ஸ்க்ரூவைத் திருப்பி "இழுவை கூட்டித் தரேன்" என்று சொல்கிற கைக்கு வண்டியைக் கொடுத்தால் இழுவை கூடும், டீசலும் கூடும். நீலப் புகை வந்தால் கதையே வேறு, ஆயில் எரிகிறது. அது ரிங், வால்வு வேலை, மைலேஜுக்காகப் பார்க்கிற வேலை இல்லை.

நிற்கும்போது போகிற டீசல்

வீட்டு வாசலில் கேரவனில் இரவு படுக்க எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஏழெட்டு லிட்டர், அறுநூறு எழுநூறு ரூபாய். அதே வண்டியில் தனி ஏசி வைத்து, வீட்டிலிருந்து 16 ஆம்பியர் லைன் இழுத்தால் இரவுக்குப் பத்து யூனிட் ஆனாலும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்து எண்பது ரூபாய்தான். ஓட்டத்தில் எதைச் சரிசெய்தாலும் இந்த அளவு மிச்சம் ஒரே இரவில் கிடைக்காது. ஒன்று மட்டும். நம் பழைய வீடுகளின் வயரிங் பழையது, எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, தனி லைன் போட்டுக்கொண்ட பிறகு மாட்டுங்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் தூங்குவது காசுப் பிரச்சினையையும் தாண்டியது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெளியூரில் கரண்ட் கிடைக்காத இடத்துக்குத் தனி பேட்டரி வைக்கலாம். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் இரண்டு 12 வோல்ட் ஃபேன் விடியும்வரை ஓடும். ஏசியை அதில் ஓட்ட முடியாது. 1953-லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிற சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிலையம் இருக்கும் காரைக்குடியில் உட்கார்ந்து பேட்டரி பற்றி இதற்கு மேல் எழுதினால் நாலு பேர் திருத்த வருவார்கள். இதோடு விடுகிறேன்.

மச்சான் சொன்ன யோசனை

புது காமன் ரெயில் வண்டி பழையதைவிட நன்றாகக் கொடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. பழைய எஞ்சின் பலவற்றில் டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரிந்து பிறகு சிலிண்டருக்கு வரும், வெப்பம் அங்கேயே கொஞ்சம் வீணாகும். புதியதில் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறது. 9 கொடுத்த இடத்தில் 11 வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 5,000 கிலோமீட்டருக்கு நூறு லிட்டர் மிச்சம், ஒன்பதாயிரத்துச் சொச்சம். பழையதை விற்றது போக மேலே பத்து லட்சம் போட வேண்டும் என்றால், அந்தப் பணத்துக்கு ஏழு சதவீத வட்டியே வருடம் எழுபதாயிரம். பாதுகாப்பு, சொகுசு, பிரேக்டவுன் பயம் இல்லாமை ஆகியவற்றுக்காகப் புது வண்டி வாங்குங்கள், நியாயம். டீசலில் காசு வந்துவிடும் என்று வாங்க வேண்டாம். 25,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு மிச்சம் 46,000 ஆகிறது. அவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டீசல் எஞ்சினைச் சிஎன்ஜிக்கு மாற்றுவது பெட்ரோல் காருக்குக் கிட் மாட்டுவது மாதிரி கிடையாது. ஸ்பார்க் பிளக் வைத்து எஞ்சினையே மாற்றியமைக்க வேண்டும், ஆர்சியில் ஏற்ற வேண்டும். பழைய வண்டிக்கு அந்தப் பாடு தகாது.

ஆர்சி என்றதும் இன்னொன்று. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை மாற்றியிருந்தால் அதற்கும் ஆர்டிஓ அனுமதி இருக்க வேண்டும். சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டது ஆர்சியில் ஏறாத வண்டி என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தும் நாளில் அது தெரியவரும். அதனால் அடுத்த புதுப்பிப்புக்கு ஒரு வருடமே இருக்கிறது, காகிதம் சரியில்லை, பாடியில் துரு ஏறியிருக்கிறது என்றால் பம்ப் வேலைக்கு 25,000 போடாதீர்கள். ஃபில்டர், தெர்மோஸ்டாட், பிரேக் மட்டும் பார்த்து ஓட்டுங்கள். புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் கையில் இருக்கிறது, பாடி திடமாக இருக்கிறது என்றால் வாடகைக்கு விடாத வண்டிக்கும் அந்தச் செலவு திரும்பி வரும்.